பழைய ரேடியோவின் குட்டி கிளிப்புகள்: கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும்

பழைய ரேடியோவைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் வால்வு (பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழாய்) கிடைக்குமா, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். வால்வு, காசு கொடுத்தால் எங்கிருந்தாவது வந்துவிடும். வேலையை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பது பெரும்பாலும் சக்கரத்தையோ குமிழையோ தண்டில் பிடித்துவைக்கும், நகத்தளவுகூட இல்லாத ஒரு கிளிப்தான். அது தெறித்து அலமாரிக்கு அடியில் போயிருக்கும். அல்லது அதை நெம்பிய ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, வேறெங்கும் கிடைக்காத டயல் கண்ணாடியைக் கீறியிருக்கும்.

பினாங்கில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வருடம் முழுக்க ஈரக்காற்று, கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் கூடவே உப்பு. கிளிப்புகள் ஸ்பிரிங் எஃகால் ஆனவை. மேலே மெல்லிய பூச்சு இருந்தாலும் முதலில் துருப்பிடிப்பது அவைதான். லோரோங் கூலிட் சந்தையில் காலையில் விரித்துவைக்கும் ரேடியோக்களில், வெளியே பளபளவென்று இருக்கும் பெட்டிக்குள்ளும் கிளிப்புகள் காவி நிறத்தில் தண்டோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

எல்லாக் கிளிப்புக்கும் பொதுவாக ஒரே ஒரு விதிதான் சொல்வேன். எந்தப் பக்கமிருந்து உள்ளே போனதோ, அந்தப் பக்கமாகத்தான் அது வெளியே வரும். கையில் கருவியை எடுக்குமுன் அந்தத் திசையைக் கண்டுபிடித்துவிட்டால் பலமே தேவைப்படாது. பலம் தேவைப்படுகிறது என்றால் திசை தப்பு, இல்லாவிட்டால் துரு. ஒரே ஒரு வகைதான் இந்த விதிக்கு அடங்காது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பிளக்

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி எதிரே தெரியும்படி மேசைமேல் வையுங்கள். 1940, 50-களில் வந்த பல மலிவு ரேடியோக்களில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஏசி, டிசி இரண்டிலும் ஓடட்டும் என்று வால்வுகளின் ஹீட்டர்களை வரிசையாக இணைத்து, சேசிஸையே, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தையே, மின்கம்பி ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு கம்பி வயர் மாறி மாட்டப்பட்டிருந்தால் சேசிஸ் முழுக்க 240 வோல்ட் நிற்கும். குமிழ் தண்டும் அந்தச் சேசிஸோடுதான் சேர்ந்திருக்கிறது. குமிழைக் கழற்றிவிட்டு, ரேடியோ ஓடும்போது வெறும் தண்டைத் திருப்பிப் பார்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். இந்த வகை ரேடியோவில் அது உயிரோடு விளையாடுவது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு பக்கமும் நன்றாக இன்சுலேஷன் போட்ட வயரைப் பற்றவைத்து, கண்டென்சரின் இரு முனைகளிலும் சில விநாடி பிடியுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்வது கண்டென்சருக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

கண் என்றதும் இன்னொன்று: பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறிக்கும் கிளிப் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை செய்யும் இடம்

சிமெண்ட் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றுக்குள் சேசிஸை வைத்தால் கீழே விழுவது அதிகத் தூரம் போகாது. கூர்மூக்கு பிளையர், 2 மில்லிமீட்டர் அகலத் தட்டை ஸ்க்ரூ டிரைவர், நுனி மெலிந்த சர்க்கிளிப் பிளையர், வளைந்த ஊசிமுனைக் கருவி, ட்வீசர், சின்னக் காந்தம், தையல் நூல் இருந்தால் போதும். ஊசிமுனைக் கருவி தனியாக வாங்க வேண்டும் என்றில்லை, பல் மருத்துவர்கள் பயன்படுத்துவது போன்றதே அருமையாக வேலை செய்யும்.

ஒரு பெரிய கண்ணாடி பிளாஸ்டிக் பையும் வேண்டும். சேசிஸின் அந்தப் பகுதியை மூடி, கையையும் கருவியையும் பைக்குள் விட்டு வேலை செய்தால் தெறிக்கும் கிளிப் பைக்குள்ளேயே விழும். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும்.

கழற்றுமுன் படம் எடுங்கள். கிளிப்பை மட்டும் எடுத்தால் போதாது, அதற்குக் கீழே வாஷர் எத்தனை, எந்த வரிசை, கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுங்கள். டியூனிங்கை ஒரு கோடிவரை திருப்பி, டயல் முள் எங்கே நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அந்த இடம் தெரியாவிட்டால் முள் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம் என்றாகிவிடும்.

துருவை இளக்குவது

காவி படிந்த கிளிப்பை நேராகக் கழற்றப் போகாதீர்கள். பல்குத்தும் குச்சி நுனியில் துரு இளக்கும் எண்ணெயைத் தொட்டு ஒரே ஒரு துளி காடியில், அதாவது கிளிப் உட்கார்ந்திருக்கும் தண்டின் பள்ளத்தில், விடுங்கள். ஸ்ப்ரேயாக அடித்தால் முள்ளை நகர்த்தும் டயல் கயிற்றில் பட்டு அது வழுக்கும், அலைவரிசை மாற்றும் பேண்ட் ஸ்விட்சின் அட்டைத் தகடுகளில் ஊறும், ஸ்பீக்கர் காகிதத்தில் கறை பிடிக்கும். ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கிளிப்பை முதலில் வெளியே இழுக்காமல், காடியிலேயே சுற்றிப் பாருங்கள். சுற்றினால் துரு விட்டுவிட்டது என்று அர்த்தம். சுற்றவில்லை என்றால் இன்னொரு துளி, இன்னோர் இரவு. இந்த வேலையில் அவசரக்காரர்களுக்கு இடமில்லை.

குமிழ்

பெட்டியிலிருந்து சேசிஸ் வெளியே வரவேண்டுமானால் முதலில் குமிழ்கள் வரவேண்டும். டார்ச் அடித்துக் குமிழின் பக்கவாட்டைச் சுற்றிலும் பாருங்கள். சின்னத் துளை இருந்தால் உள்ளே தலையில்லாத ஸ்க்ரூ இருக்கிறது. துளையே தெரியாமல் மெழுகோ அரக்கோ அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. மேலே சொன்ன மின்சாரம் நிற்கும் சேசிஸ் ரகங்களில், விரல் ஸ்க்ரூவில் படக்கூடாது என்பதற்காகவே கம்பெனிக்காரர்கள் அப்படி அடைத்தார்கள். மெழுகைக் குச்சியால் தோண்டி எடுங்கள்.

ஸ்க்ரூவின் பிளவை முழுதாக நிரப்பும் அலகுள்ள ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும், ஒல்லியானது பிளவைத் தின்றுவிடும். உடனே இடப்பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். துரு உடையும். அப்புறம் தளர்த்துங்கள். பிரிட்டிஷ் ரேடியோக்களில் இந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவு: 4 பி.ஏ. என்றால் 3.6 மில்லிமீட்டர், 6 பி.ஏ. என்றால் 2.8. தொலைந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் மெட்ரிக் ஸ்க்ரூவை ஓட்டி இறுக்கினால் 4 பி.ஏ. துளையில் ஆடும், 6 பி.ஏ. துளையில் மரையைக் கெடுக்கும்.

துளையே இல்லை என்றால் குமிழை நேராக இழுக்க வேண்டியதுதான். உள்ளே ஒரு தட்டை ஸ்பிரிங் துண்டு தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டிமேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்பாதீர்கள். பேக்கலைட் என்றால் விளிம்பு தெறிக்கும், மரம் என்றால் பள்ளம் விழும். பருத்தி நாடாவைக் குமிழுக்குப் பின்னால் ஒரு சுற்று விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக, சீராக இழுங்கள். பிளாஸ்டிக் குமிழ் என்றால் முடி உலர்த்தும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டலாம்.

குமிழ் வந்ததும் உள்ளே பாருங்கள். ஸ்பிரிங் துண்டு அங்கேயே இருக்கிறதா, தண்டோடு போய்விட்டதா, பாதி உடைந்துவிட்டதா? துளையின் தட்டைப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும், வளைவு தண்டின் தட்டை முகத்தை அழுத்தும். குமிழ் லூசாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த வளைவு தட்டையாகிப்போனதுதான். வெளியே எடுத்து, விரலால் கொஞ்சம் வளைத்துவிட்டால் பிடிப்பு திரும்பிவிடும். காகிதம் மடித்துச் செருகிய குமிழ்கள் நிறையப் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஈரத்தில் காகிதம் ஊறி இறுகி அடுத்த தடவை குமிழ் பிளந்துகொண்டு வரும்.

ஈ-கிளிப்

டயல் கயிறு ஓடும் சின்னச் சக்கரங்கள், பேண்ட் ஸ்விட்ச் தண்டு, பியானோக் கட்டை போட்ட ஜெர்மன் ரேடியோக்களின் நெம்புகோல்கள் என எங்கு பார்த்தாலும் இதுதான். ஒரு பக்கம் திறந்த வாய், உள்ளே மூன்று பற்கள். இது பக்கவாட்டில், வாய் முன்னால் வரும்படி காடிக்குள் நுழைந்தது. ஆகவே முதுகுப் பக்கமாகத்தான் வெளியேறும். மேல்நோக்கி நெம்பினால் பல் வளையும், காடியின் விளிம்பு நசுங்கும், கிளிப் வராது.

முதலில் தையல் நூலைக் கிளிப்பின் இடைவெளி வழியாகக் கோத்து, மறுமுனையைச் சேசிஸில் எங்காவது கட்டுங்கள். இந்த ஒரு நிமிட வேலை, ஒரு நாள் தேடலை மிச்சப்படுத்தும். அடுத்து, தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிளிப்பின் உடம்புக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வைத்து, மெல்லத் திருகுங்கள். தள்ளக் கூடாது, திருகத்தான் வேண்டும். இன்னொரு கையின் விரல் கிளிப்பின்மேல் இருக்கட்டும். 'டிக்' என்று இரு பக்கப் பற்களும் தண்டைத் தாண்டும், மீதி தானாக வரும்.

அந்த இடைவெளியில் கருவி நுழைய இடமில்லை என்றால் வாய்ப்பக்கத்திலிருந்து இரு கால்களின் நுனியையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். நடுவில் தண்டுக்கு இடம்விட்டுப் பிளவு போட்ட பித்தளைத் தகடு ஒன்றை ராவி வைத்துக்கொண்டால் இதற்கென்றே உதவும்.

டயல் கயிற்றுச் சக்கரத்தைக் கழற்றுகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே கயிற்றைப் பெரிய சக்கரத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கயிறு ஸ்பிரிங்கின் இழுவிசையில் நிற்கிறது. சக்கரம் விலகிய நொடியில் எல்லாச் சுற்றும் அவிழ்ந்துவிடும், பிறகு கயிறு கட்டும் படத்தைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வளையங்களும் சர்க்கிளிப்பும்

வால்யூம் கண்ட்ரோல் தண்டிலும் டியூனிங் தண்டிலும் காது இல்லாத, 'சி' வடிவ வளையம் இருக்கும். பிளையரால் வாயை விரிக்காதீர்கள், வளையம் கோணிவிடும். ஒரு முனையை ஊசிமுனைக் கருவியால் காடியிலிருந்து லேசாகத் தூக்கி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாவி வளையத்திலிருந்து சாவியைக் கழற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே வாருங்கள்.

இரண்டு துளைக் காது உள்ள சர்க்கிளிப் என்றால் அதற்கான பிளையர்தான். எவ்வளவு விரிக்கலாம்? தண்டைத் தாண்டும் அளவுக்கு மட்டும். ஸ்பிரிங் எஃகு ஓரளவுவரை விரிந்து திரும்பும், அந்த அளவைத் தாண்டினால் விரிந்தது விரிந்ததுதான். அப்படிப்பட்ட கிளிப்பைப் பிளையரால் நெருக்கி மறுபடி மாட்டுவார்கள். சில மாதம் நிற்கும், பிறகு ஒரு நாள் பெட்டிக்குள் விழும்.

கிளிப்புக்குக் கீழே வருகிற ஃபைபர் வாஷர், அலைபோல் வளைந்த ஸ்பிரிங் வாஷர், மெல்லிய எஃகு வாஷர் எல்லாவற்றையும் கழன்ற வரிசையிலேயே ஒரு செம்புக் கம்பியில் கோத்து முனையை மடித்துவிடுங்கள்.

அடித்து மாட்டும் வாஷர்: அந்த ஒரு விதிவிலக்கு

சில தண்டுகளில் காடியே இருக்காது. வழவழப்பான தண்டில், உள்பற்கள் சாய்ந்த நட்சத்திர வாஷரை அழுத்தி இறக்கியிருப்பார்கள். பற்கள் ஒரு பக்கம் வழிவிடும், மறுபக்கம் கடிக்கும். இது உள்ளே போன வழியில் வெளியே வராது, வரக்கூடாது என்றே செய்யப்பட்டது. கம்பெனிப் பெயர்ப் பட்டைகள், முன்பக்க வலைத் துணிச் சட்டங்கள், சில சக்கரங்கள் எல்லாம் இப்படித்தான் நிற்கும்.

உலோகத் தண்டு என்றால் ஒவ்வொரு பல்லையும் ஊசிமுனையால் தூக்கித் தூக்கி ஏற்றலாம். ஆனால் அந்த வாஷரைத் திரும்பப் பயன்படுத்த எண்ணாதீர்கள். பிளாஸ்டிக் கம்பத்தில் மாட்டியது என்றால் இழுப்பதே ஆபத்து. பழைய பிளாஸ்டிக் வறண்டுபோயிருக்கும், கம்பம் வேரோடு முறியும், பெயர்ப் பட்டை போச்சு. நட்டைக் கழற்றுவதுபோல் இடப்பக்கம் மெல்லச் சுற்றிக்கொண்டே வெளியே வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கட்டரின் நுனியால் வாஷரின் விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டித் துண்டாக எடுங்கள். வாஷர் சில காசு, அந்தப் பெயர்ப் பட்டை இனி யாரும் செய்யப் போவதில்லை.

புதியதை மாட்டும்போது, தண்டு உள்ளே நுழையும் அளவுக்குத் துளையுள்ள சின்னக் குழாயை வாஷர்மேல் வைத்து நேராக அழுத்துங்கள். பின்பக்கம் மரக்கட்டை ஆதாரம் கொடுங்கள்.

டயல் கண்ணாடியின் பிடிகள்

இவை 'யு' வடிவத் தகடுகள், உள்ளே ரப்பரோ ஃபெல்ட்டோ இருக்கும். கண்ணாடியைத் தள்ளாமல் தகட்டை நகர்த்துங்கள். ரப்பர் இறுகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் மெல்லிய நைலான் நூலை இரண்டுக்கும் நடுவில் விட்டு அறுங்கள். ஸ்டேஷன் பெயர்கள் கண்ணாடியின் பின்பக்கம் அச்சடிக்கப்பட்டவை, ஈரத்துணி பட்டாலே பல ரேடியோக்களில் எழுத்து உரிந்து வந்துவிடும். பின்பக்கத்தைத் துடைக்கவே துடைக்காதீர்கள். ஐ.எஃப். டப்பாக்கள் (இடைநிலை அதிர்வெண் சுருள்களை மூடியிருக்கும் உலோக டப்பாக்கள்), வால்வு மூடிகள் இவற்றின் பிடிகளும் இதே போன்ற தகடுகள்தான். அவசியமில்லாவிட்டால் அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

கிளிப் காணவில்லை

தெறித்த கிளிப்பைத் தரையில் தேடுமுன் ஸ்பீக்கர் காந்தத்தைப் பாருங்கள். எஃகு என்பதால் பல நேரம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து டியூனிங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே டார்ச் அடியுங்கள். சேசிஸைத் தலைகீழாக்கி மெல்லத் தட்டுங்கள். உள்ளே விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை பிளக்கைச் செருகவே கூடாது. வால்வு சாக்கெட்டின் இரண்டு முனைக்கு நடுவே ஒரு கிளிப் கிடந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.

ரேடியோ வாங்கும்போதும் இது உதவும். லோரோங் கூலிட்டில், "அண்ணே, இதில் ஒரு குமிழ் நிக்கலையே?" என்று கேட்டால், "உள்ளதான் கிடக்கும் தம்பி, குலுக்கிப் பாருங்க" என்று பதில் வரும். உண்மையிலேயே சாய்த்துக் கேளுங்கள். கலகலவென்று ஏதாவது உருண்டால், கிளிப் உள்ளேயே இருக்கிறது, விலையையும் குறைத்துப் பேசலாம்.

அளப்பதும் வாங்குவதும்

மெட்ரிக் ஈ-கிளிப்பின் எண், தண்டின் அளவைக் குறிப்பதில்லை. காடியின் அடிப்பகுதி விட்டத்தைக் குறிக்கிறது. வெர்னியரின் மெல்லிய தாடையால் காடிக்குள் அளந்து பாருங்கள். 1.9 கிளிப் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தண்டுக்கு, 2.3 கிளிப் 3 முதல் 4 வரை, 3.2 கிளிப் 4 முதல் 5 வரை, 4 கிளிப் 5 முதல் 7 வரை, 5 கிளிப் 6 முதல் 8 வரை. ஐரோப்பியக் கண்ட ரேடியோக்களின் குமிழ்த் தண்டு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். பிரிட்டிஷ், அமெரிக்க ரேடியோக்களில் கால் அங்குலம், அதாவது 6.35. இந்த ஊரில் இரண்டும் கலந்து கிடைக்கும். பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி 1934-இல் இசட்.எச்.ஜே. என்ற வானொலி நிலையத்தின் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்திலிருந்தே இரண்டு பக்கத்துச் சரக்கும் வந்து இறங்கிய துறைமுகம் இது. அதனால் ஊகிக்காமல் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள்.

பல அளவு கலந்த ஈ-கிளிப் டப்பா ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் கூடவே மற்ற உதிரிகளையும் புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பார்த்துவிட்டு வரலாம். நம் ஊர் ஈரத்துக்கு ஸ்டெயின்லெஸ் கிளிப் மேல். குப்பைக்குப் போகும் பிரிண்டர், கேசட் பிளேயர் எதையும் விடாதீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி ஈ-கிளிப் இருக்கும்.

'சி' வளையம் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். பழைய வளையத்தின் கனமுள்ள பியானோக் கம்பியை, காடியைவிடச் சற்று மெலிந்த டிரில் பிட்மேல் இறுக்கிச் சுற்றி, சுருளிலிருந்து ஒரு வளையத்தை வெட்டி, முனைகளை ராவுங்கள். வீட்டில் கிடக்கும் வீணைத் தந்தியைக் கொண்டுவருகிறேன் என்பவர்களுக்கு: அது மிகவும் மெல்லியது, காடியில் நிற்காது.

திரும்ப மாட்டுவது

காடியைப் பல் துலக்கும் பிரஷ்ஷும் ஐசோபுரோபில் ஆல்கஹாலும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். காடியின் அடியில் துருப்பொடி தங்கியிருந்தால் கிளிப் முழுதாக உட்காராது. வாஷர்களைக் கம்பியிலிருந்து வரிசைப்படி இறக்குங்கள்.

கிளிப்பை விரல்நுனியில் தடவிப் பாருங்கள். தகட்டிலிருந்து அடித்து வெட்டியதால் ஒரு பக்க விளிம்பு மழுங்கலாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். மழுங்கல் பக்கம் சக்கரத்தைப் பார்க்கட்டும், கூர்ப்பக்கம் வெளியே. அப்போது கூர் விளிம்பு காடியின் சுவரை நன்றாகப் பிடிக்கும், சக்கரமும் தேயாது.

ட்வீசர் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் கிளிப் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வாயைக் காடியில் பொருத்தி, பிளையரின் ஒரு தாடை கிளிப்பின் முதுகிலும் மறுதாடை எதிர்ப்பக்கத் தண்டிலும் இருக்குமாறு பிடித்து அழுத்துங்கள். 'டிக்' சத்தம் வரவேண்டும். வந்ததும் ஊசிமுனையால் கிளிப்பைச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்ப்போடு சுற்றினால் சரி. லொடலொடவென்று சுற்றினால் அளவு பெரிது, சுற்றவே மறுத்தால் எங்கோ ஒரு பல் காடிக்கு வெளியே நிற்கிறது.

சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். காகிதத்தின் கனமளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதுகூட இல்லையென்றால் ஒரு வாஷர் கூடிவிட்டது, டியூனிங் கனமாகத் திரும்பும். டயலை இரு கோடிக்கும் பத்துப் பதினைந்து முறை ஓட்டி, முள் பழைய குறிக்கே வந்து நிற்கிறதா பாருங்கள்.

கடைசியாகக் குமிழ்கள். தண்டின் தட்டை முகமும் குமிழின் ஸ்பிரிங்கும் நேராக வரும்படி வைத்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். ஸ்க்ரூ குமிழ் என்றால் இறுக்கியபின் ஸ்க்ரூவின் வெளிமுனை துளைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். முதலில் தோண்டி எடுத்த மெழுகின் இடத்தில் உருக்கிய மெழுகை ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் நகத்தால் சமப்படுத்துங்கள். அந்தத் துளையை அடைக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.